நான் மைக் பிடித்த புதன்கிழமை

அன்புள்ள மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறைவில்லை என்று சொன்னதில் என் வலது கையைச் சேர்க்கவில்லை. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, வெந்நீர் கொட்டிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, விரலை மடக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்லக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும், அவளைப் பற்றி வரும் இடத்திலும் அப்படியே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினாள். நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. அப்பா அதை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், இந்த வருஷம் பீரோவுக்குக் குளிராது. பஸ் டிப்போவில் அவருக்குப் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள், அதனால் முதுகுவலி கொஞ்சம் தேவலை. நீ தலைவலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதே, கண்ணைக் காட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரும்புக் கடை மாடியில் புதன்கிழமை தோறும் சேவைச் சங்கம் கூடுவதும் அங்கே நான் டீ போடுவதும் உனக்குத் தெரியும், ஆனால் நீ உள்ளே வந்து பார்த்ததில்லை, அதனால் அங்கே உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். பல் டாக்டர்தான் இந்த வருஷம் தலைவர். ஜவுளிக்கடைக்காரர் மணி அடிப்பவர், யார் அதிகம் பேசினாலும் டங்கென்று ஒன்று வைப்பார், தலைவரென்றும் பார்க்கமாட்டார். விருந்தாளி யாராவது வந்தால் அவரைத் தெரிந்த ஒருவர் எழுந்து அறிமுகம் செய்ய வேண்டும். அதில் ஒரு விதி, அந்த விருந்தாளி தன் வாயால் சொல்லிக்கொள்ளாத நல்ல சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எத்தனையோ புதன்கிழமை டீ மேஜைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். நம்மைக் கூப்பிட்டால் இவர்களைவிட நன்றாகச் சொல்வோம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணிப்பை கொடுப்பதென்று சங்கத்தில் முடிவானது. தைக்கும் வேலையை உன் தங்கைக்குக் கொடுத்தார்கள். ராப்பகலாகத் தைத்தாள், முதல் தவணைப் பைகள் போன கையோடு, அவளைக் கூட்டத்துக்கு விருந்தாளியாகக் கூட்டி வரச் சொன்னார் பல் டாக்டர். வரமாட்டேன் என்றாள். நான்தான் கெஞ்சி, மிரட்டி, தலை வாரிவிட்டு இழுத்துப் போனேன். பெரிய மேஜையில் உட்கார வைத்தார்கள், ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். பல் டாக்டர் என்னைப் பார்த்து, பெத்தவங்களைவிட யாருக்குத் தெரியும், நீங்களே அறிமுகம் பண்ணுங்கம்மா என்று மைக்கை நீட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். இவ, வீட்டுக்கு யாராவது வந்தா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவா, வந்தவங்க உங்க வீட்டுக் கதவுக்கு ரெண்டு காலான்னு கேப்பாங்க என்று ஆரம்பித்தேன். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல, நான் டீ கொடுத்தால் முகம் பார்க்காமல் வாங்கும் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தையல் மிஷின்கிட்ட மட்டும்தான் பேசுவா, அது திருப்பிப் பேசினா எந்திரிச்சு ஓடிடுவா என்றேன். இன்னும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குப் புரையேறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டாவதோட இவ ஏன் படிப்பை நிறுத்தினா தெரியுமா என்று ஆரம்பித்து, வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்ன அன்றைக்கு அவளுக்கு நேர்ந்ததை, அவள் என்னிடம் மட்டும் அழுது சொன்னதை, நடித்தே காட்டிவிட்டேன். அது என்னவென்று உனக்கும் சொல்லமாட்டேன், இவள் கையால் எழுத வைக்கவும் மாட்டேன். மணி டங்கென்று அடித்தது. எனக்கு நேரம் இன்னும் இருந்தது. ஜவுளிக்கடைக்காரர் குனிந்துகொண்டே, போதும்மா, உக்காருங்க என்றார். நல்ல சங்கதி எதையும் நான் சொல்லவே இல்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இவள் அழவில்லை. பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே ஓடப்போகிறாள் என்று பார்த்தால் நேராக டீ மேஜைக்குப் போய் தட்டை எடுத்து, சிரித்துக் கண் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக டீ கொடுக்க ஆரம்பித்தாள். வாங்கினவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விருந்தாளி டீ கொடுக்கிறாளே என்று நான் ஓடிப்போய் அடுப்பிலிருந்த கெட்டிலைப் பிடுங்கினேன், மூடி கழன்று கையில் ஊற்றிவிட்டது. இவள்தான் என்னை இழுத்துப்போய்க் குழாயில் கையைக் காட்ட வைத்தாள். எடுக்காதம்மா, அப்படியே வை என்றாள். அதன்பிறகு என்னிடம் பேசுவது, கட்டு மாற்றும்போது கையை நீட்டு என்பது ஒன்றுதான். சோறு ஊட்டிவிடுகிறாள், தலை பின்னிவிடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. வெட்டி வைத்த அடுத்த தவணைத் துணி மிஷின்மேல் அப்படியே கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் பைக்காகக் காத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு இவள்மேல்தான் கோபம். தமாஷ்னா எடுத்துக்கத் தெரியணும் என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அப்பா கேட்டுவிட்டு, நான் கொறட்டை விடறதையும் சொல்லியிருக்கலாமே, என்னை விட்டுட்டு அவளை ஏன் பிடிச்சே என்றார். இரண்டொரு நாள் கழித்து ஒன்றாம் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தாள். அப்போது இவள் கடைக்குப் போயிருந்தாள். வகுப்பில் ஒரு பையனுக்கு வயிற்றைப் புரட்டி வாந்தி வந்ததாம், மற்றதுகள் சிரிப்பதற்குள் அவன் பைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டானாம். எல்லாப் பைகளிலும் உள்பக்கம் ஒரு சின்னப் பை தைச்சு, அதுக்குள்ள ஒரு கைக்குட்டை மடிச்சு வெச்சிருக்கு, யாரும்மா இப்படி யோசிச்சது என்று கேட்டாள். மிச்சத் துணியை இவள் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இது எதுக்குடி வெட்டி வேலை என்று திட்டக்கூடச் செய்தேன். பாடம் வாசிக்க எழுந்த அன்றைக்கு இவளிடம் ஒரு கைக்குட்டை இல்லை என்பது எனக்குத் தெரியும்தானே, நானல்லவா அதை ஹாலில் நடித்துக் காட்டினேன். டீச்சர் போனபிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்றால் முகத்தில் வரும் என்று நினைத்திருந்தேன், எனக்குக் கட்டுப் போட்ட கையில் போய் எரிந்தது.

வரும் புதன்கிழமை எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டுமென்று ஜவுளிக்கடைக்காரரைப் போய்க் கேட்டேன். விருந்தாளி இல்லாம அறிமுகமா, அப்படி ஒரு வழக்கம் இல்லையேம்மா என்று இழுத்தார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுங்க என்றார். கைக்குட்டையைப் பற்றி அங்கே பேசமாட்டேன், அது இவள் உள்ளே வைத்துத் தைத்தது, வெளியே இழுக்க நான் யார். போன தடவை நான் சொன்னது அறிமுகம் இல்லை, என் மகள் என்னை நம்பிச் சொன்னது, நம்பினவள்மேல் தப்பில்லை, கேட்டவள் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு டீ மேஜைக்குப் போய்விடுவேன். இவள் வர வேண்டும் என்றில்லை. பை தைப்பதும் தைக்காததும் இவள் இஷ்டம், தைக்கவில்லை என்றால் சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இதையெல்லாம் உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் இவளுக்குக் கேட்காத இடமாகப் பார்த்துப் போய் நின்று பேசுவேன், மறுபடியும் இவளுக்குப் பின்னால் இவளைப் பற்றிய பேச்சாகிவிடும். நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இவள் கையாலேயே எழுத வைக்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உன்னை நாலு பேர் நல்லபடியாகச் சொல்ல வேண்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கண் டாக்டரிடம் போக மறந்துவிடாதே. தங்கையிடம் பேசும்போது இதைப் பற்றிக் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன், கோணலாக இருந்தாலும் நான்தான்.

உன் அம்மா

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு வரியை மட்டும் நான் எழுதவில்லை. அது உனக்குச் சொன்னதில்லை. புதன்கிழமை கெட்டிலை நான்தான் தூக்க வேண்டும், அம்மாவுக்குக் கை இன்னும் ஆறவில்லை.