ஒற்றைக் கோடு காட்டிய அட்டை

இன்று மதியம் மாத அறிக்கையைக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். லேப் வாசலைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. ஸ்பிரிட்டும் நீலச் சாயமும் ஈரமான ஸ்லைடும் கலந்த வாசனை. உள்ளே, புதிதாக வந்திருக்கும் பெண் ஜன்னலோரம் ஸ்லைடுகளைச் சாய்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் நீலம். ஏன் அங்கேயே நின்றுவிட்டீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நசரத்பேட்டை தாண்டிய பிறகுதான் அறிக்கை பையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பப் போய்க் கொடுத்தேன். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நான் துணை மையத்துச் செவிலியர், நீ லேப் டெக்னீசியன். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை, வீட்டில் தென்காசிப் பேச்சு. நீ பூந்தமல்லியிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவள். முதல் நாளே எனக்கு 'குவார்ட்டர்ஸு' என்று பெயர் வைத்தாய். கடைசிவரை என் சொந்தப் பெயரை நீ சொல்லிக் கேட்டதாக நினைவில்லை. பல வருஷம் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து, உன் இடது கண்ணோரத்தில் மட்டும் சுருக்கம் விழுந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் எனக்கு வயசாகிறது என்று நீயே சொல்லிக்கொள்வாய்.

அப்போதெல்லாம் நான் செங்கல் சூளைகளில் முகாம் போட்டு, காய்ச்சல் கண்ட குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தடவி உன்னிடம் அனுப்புவேன். நீ பார்த்துச் சொல்ல இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அதற்குள் குழந்தையைத் தேடிப் போனால் குடும்பமே வேறு சூளைக்கு மாறியிருக்கும். ஒடிசாவின் மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவர்கள். அவர்கள் ஊரில் மலேரியா வருஷம் முழுக்க உண்டு. அங்கிருந்தே உடம்பில் கொண்டுவந்துவிடுவார்கள். இங்கே மண் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, மீதியைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

பிறகுதான் அந்த மலேரியா சோதனை அட்டைகள் வந்தன. ஒரு சொட்டு ரத்தம், சில சொட்டு மருந்து நீர், பதினைந்து நிமிடம். ஒரு கோடு வந்தால் அட்டை வேலை செய்கிறது, நோய் தெரியவில்லை. இரண்டாவது கோடும் வந்தால் மலேரியா. அந்த இடத்திலேயே முடிவு தெரிந்து, அங்கேயே மாத்திரையைக் கையில் கொடுத்துவிடலாம். எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இனி உன் லேபைப் பூட்டிவிடலாம் என்று கிண்டல் செய்தேன். நீ கோபப்படவில்லை. "நல்லதுதான்டி. ஆனா கொயந்தைங்களுக்கு ஸ்லைடும் எடு, அத வுட்றாத" என்று மட்டும் சொன்னாய்.

அந்த மே மாத முகாமைப் பற்றி நான் உன்னோடு எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இன்னொரு தடவை பேசிவிடுகிறேன். நல்ல வெயில். தகரக் கொட்டகையின் கீழே முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். மினி என்று ஒரு பெண் குழந்தை, ஐந்து வயசு இருக்கும். அவளுடைய அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். அந்த அம்மாவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும். காய்ச்சல், தண்ணி, பாப்பா, இல்ல. அட்டையில் ரத்தம் விட்டேன். ஸ்லைடும் எடுத்தேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். யாருடைய குழந்தையோ அழுதுகொண்டே இருந்தது. அட்டையைப் பார்த்தேன், ஒரே கோடு. நெகட்டிவ் என்று பதிவேட்டில் எழுதினேன். காய்ச்சல் சிரப்பைக் கொடுத்து, அந்த அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று கையை ஆட்டி, "மலேரியா இல்ல" என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நீ போன் செய்தாய். மினியின் ஸ்லைடில் கிருமி இருக்கிறது, மூளைவரை போகிற வகை என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அட்டையில் வரவில்லையே, உன் சாயத்தில் தூசி விழுந்திருக்கும் என்று சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். அரை மணியில் ஷேர் ஆட்டோ பிடித்து என் துணை மையத்துக்கே வந்து நின்றாய். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே பேசினாய்.

"கிருமிதான் கல்லு வெச்ச மோதிரம் மாதிரி இருக்கும், தூசு அப்டி இருக்காதுடி. கொஞ்சமாத்தான் கீது, ஆனா கீது. நான் நூறு எடம் தேடிப் பாத்துட்டுத்தான் வந்துகினு கீறேன். எத்தினி நிமிசம் கயிச்சி அட்டையப் பாத்த?"

பதினைந்து என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். வேறொன்றும் கேட்காமல், பொண்ணு எங்கே இருக்கிறாள், வண்டியை எடு என்றாய்.

சூளையில் அவர்கள் இல்லை. அன்று காலையில்தான் நான்கு குடும்பங்களை வேறு சூளைக்கு அனுப்பிவிட்டதாக மேஸ்திரி சொன்னார். எந்தச் சூளை என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. திருமழிசைப் பக்கம் என்றார். ஒவ்வொரு சூளையாகப் போனோம். புழுதியில் உன் கண்ணாடி சிவந்துபோயிற்று. மூன்றாவது சூளையிலும் இல்லை என்று தெரிந்து திரும்பும்போது, என் முகம் உனக்குத் தெரியாது என்கிற தைரியத்தில், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். பதினைந்து நிமிடம் இல்லை, ஐந்து நிமிடம்கூட இருக்காது. கூட்டம் நெருக்கியது, பார்த்துவிட்டேன் என்றேன். அட்டைப் பெட்டி ஒரு வாரமாக வண்டி சீட்டுக்கு அடியிலேயே வெயிலில் கிடந்தது என்பதையும் சொன்னேன்.

இறங்கிப் போய்விடுவாய் என்று நினைத்தேன். பிறகு உன் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. "வண்டிய ஓட்டு. மொதல்ல பொண்ணக் கண்டுபுடிப்போம்."

ஐந்தாவது சூளையில் இருந்தாள். தார்ப்பாய்க் கொட்டகையில், சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மூச்சு வேகமாக ஓடிற்று. அவளுடைய அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் கொடுத்த சிரப் பாட்டிலை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"மலேரியா இல்ல. நீ சொன்ன."

அவள் கத்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாய், குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாய், அந்த அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மினியின் காதருகே குனிந்து உன் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டே வந்தாய். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது.

ஊசி போட்டு, படுக்கை கொடுத்து, இனிப் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது மாலை ஐந்து மணி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவசரப்பட்டதாலா, வெயிலில் அட்டை கெட்டுப்போனதாலா, ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்ததாலா, எதனால் அந்த இரண்டாவது கோடு வரவில்லை என்று உன்னைக் கேட்டேன். குப்பையில் போட்ட அட்டையைத் தேடி எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். நேரம் கடந்தபின் பார்த்தால் அது செல்லாது என்றாய். நிதானமாகப் பதினைந்து நிமிடம் பார்த்திருந்தாலும், இவ்வளவு குறைவாக இருந்தால் அட்டை விட்டுவிடலாம் என்றாய். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாயோ என்னவோ. "தெரியாதுடி. இனிமே தெரியவும் தெரியாது" என்று முடித்தாய்.

அப்போது என் மனசில் ஓடியதை நீ கண்டுபிடித்துவிட்டாய். பதிவேட்டில் அந்த நெகட்டிவை அடித்துவிட்டுப் பாசிட்டிவ் என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எய்தினத அடிக்காத. பக்கத்துல ஸ்லைடு பாசிட்டிவ்னு எய்து. அட்டை இன்னா காட்டிச்சோ, எத்தினி நிமிசத்துல பாத்தியோ, அத்தையும் எய்திட்டு டாக்டர்கிட்ட நீயே போய் சொல்லு. நான் கூட வர்றேன்."

வந்தாய். எனக்கு மெமோ கொடுத்தார்கள். நீ வாசலில் நின்றிருந்தாய். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தாய். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருவேற்காட்டில் உன் நாத்தனார் வாங்கிய ஃபிளாட்டில் துணி காயப்போட இடமே இல்லை என்று அரை மணி நேரம் பேசினாய். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது மினி கட்டிலில் உட்கார்ந்து பன்னைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஊசி போட வந்தவள் என்று நினைத்து. உன் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாய். அவள் அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா அன்று என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மழைக்கு முன் சூளை மூடியதும் ஊருக்குப் போனார்கள். அடுத்த சீசனில் தேடினேன், வரவில்லை. நன்றாக இருப்பாள் என்று நீ சொன்னாய். நானும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவளுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும்.

நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம். உன் நோயைக் கண்டுபிடிக்கும்போதே தாமதமாகிவிட்டது. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். அதை நீ கோபமில்லாமல் சொன்னாய். எனக்குத்தான் ஆறவில்லை. கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது தலையணையில் சாய்ந்துகொண்டு, சூளையில் இந்த வருஷம் எத்தனை குழந்தைகள், எல்லாருக்கும் ஸ்லைடு எடுக்கிறாயா என்று விசாரித்தாய். எடுக்கிறேன் என்றேன். "அட்டையில வர்லன்னா வர்லன்னு மட்டும் சொல்லு. இல்லன்னு சொல்லாத. மறுநாளு போய்ப் பாரு" என்றாய். அதற்குள் உனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

போன வாரம் ஒரு சூளையில் இரண்டு வயசுக் குழந்தைக்குக் காய்ச்சல். அட்டை ஒற்றைக் கோடுதான் காட்டியது. குளிர்ப்பையிலிருந்து எடுத்த அட்டை, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஸ்லைடும் எடுத்தேன். அந்த அம்மாவிடம், இதில் தெரியவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் லேபில் கேட்டேன். ஸ்லைடிலும் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியும் போனேன். குழந்தை பச்சைச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. எதற்கு வந்தாய் என்பதுபோல அந்த அம்மா என்னைப் பார்த்தாள். சும்மாதான் வந்தேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு வாளியைத் தட்டிக் கவிழ்த்து, உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் அந்தக் குழந்தை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.