ஆறு மணி வரை நன்றி

12.02.2017, ஞாயிறு இரவு

பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் இன்று தன்னை ஆயுள் முழுவதற்கும் தலைவராக்கும் தீர்மானத்தோடு வந்தார். கை உயர்த்த அவருடைய ஆட்களே அதிகம். மண்டபத்தையோ ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எங்கள் சங்கத்தில் நன்றியுரையை யாரும் இடைமறிப்பதில்லை. ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே நான் மேடையேறி நன்றி சொல்லத் தொடங்கினேன். வடை சுட்டவர், கதிரை அடுக்கியவர், அவர்களின் மாமிமார் என ஒருவரையும் விடவில்லை.

“அண்ணை, காணும், இறங்குங்கோ!” என்றார் தலைவர்.

“பொறும் தம்பி, இன்னும் உமக்கு நன்றி சொல்லேல்லை.”

அரை லாச்சப்பலே கைதட்டியது.

அமெரிக்க செனட்டிலும் சிறுபான்மையினர் பேசிப் பேசியே சட்டங்களை நிறுத்துவார்களாம். என் அளவுக்கு அங்கே எவருக்கும் மூச்சு இராது.

காவலாளி விளக்கை அணைத்தார். தீர்மானம் நின்றது. அடுத்த முறை நன்றியுரைக்கு இரண்டே நிமிடம் என்று தலைவர் வீதியில் நின்று கத்தினார். கத்தட்டும். வரவேற்புரைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.