கடைசி வண்டியில் வந்தவனுக்கு

என் உயிரோடு ஒட்டியிருக்கும் சாத்தப்பா, மாப்ள,

நீ போய் ஆறு ஐப்பசி ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இன்றைக்கும் நானாக எழுத உட்காரவில்லை. ஜோசப்தான் உட்கார வைத்தான். நம் ஞாயிற்றுக்கிழமைக் குழு தை மாதம் மதுரை வரை வண்டி ஊர்வலம் போகிறது. பார்வையில்லாத பிள்ளைகளின் விடுதிக்கு நிதி திரட்டுகிறார்கள். உன் பெயரில் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புல்லட்டில் சாய்ந்து நிற்பாயே, அந்தப் படம்தான் முதல் பக்கம்.

"ரெண்டு பக்கம் உருக்கமா எழுதிக் குடுடா வெள்ளை. அவனைக் கடைசியாப் பாத்தது நீதானே" என்றான் ஜோசப்.

அவன் பட்டறை வாசலில் நின்றுகொண்டு தலையை ஆட்டினேன். ஆறு வருஷமாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன். நாலு பேராக ஆரம்பித்தோம் அல்லவா, இப்போது பதினேழு வண்டி. தேவகோட்டையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பெட்ரோல் விலை ஏறிவிட்டதால் வாராவாரம் போவதில்லை, மாதத்தில் ஒரு ஞாயிறுதான். காதருக்குத் தொப்பை வைத்துவிட்டது, டாங்கின்மேல் கிடத்திக்கொண்டு ஓட்டுகிறான். என் வண்டி அதேதான். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்தக் கிழம் இன்னும் சாகவில்லை. சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி கிளப்ப இன்னும் அதே பாடுதான்.

"பட்டாளத்துல பென்சன் வாங்குன வண்டிடா அது. அதைப் போயி ஏன் ஒதைக்கிறே? கெஞ்சிக் கேளு மாப்ள" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் முச்சந்தி விதியைச் சொல்லியாக வேண்டும். அந்த விதியே என்னால் வந்தது. முதல் வருஷம் இளையாத்தங்குடிக்குப் போனபோது நான் பின்தங்கி, வழி தவறி, கடைசியில் புதுக்கோட்டைக்குப் போய் நின்றேன். நீங்கள் மூன்று பேரும் அரைநாள் ஊர் ஊராக என்னைத் தேடினீர்கள். அடுத்த ஞாயிறு நீதான் விதி போட்டாய்.

"முன்னால போறவன் முச்சந்தியில நிக்கணும். பின்னால வர்றவன் கண்ணுல பட்டு, ரெண்டு பேரும் கையைத் தூக்குன பெறகுதான் நகரணும். ஆளு நின்னா அவன் காட்டுற பக்கம் திரும்பு. ஆளு இல்லையா, நேராப் போ. யோசிக்காதே."

கடைசி வண்டி எப்போதும் உன்னுடையது. யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

அன்றைக்கு நாம் சும்மா சுற்றப் போகவில்லை. காளையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் மழையில் குடிசைகள் விழுந்து ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். நீ கொத்தமங்கலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, போர்வையும் சேலையுமாக எட்டு மூட்டை சேர்த்திருந்தாய். ஆளுக்கு இரண்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். ஒரு கிழவி உனக்கு நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள், நினைவிருக்கிறதா?

திரும்பும்போது காளையார்கோவில் டீக்கடையில் நின்றோம். என் வண்டி கிளம்பவில்லை. பதினோரு உதை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீ கடை பெஞ்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு உதையையும் சத்தமாக எண்ணினாய். பதினொன்றில் கிளம்பியதும் கடையே கைதட்டியது. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. "வாடா போவம்" என்று உன் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினேன். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான் சாத்தப்பா. முச்சந்தியில் இல்லை.

ஜோசப் முதல், காதர் இரண்டாவது, நான் மூன்றாவது, நீ கடைசி. தூறல் மழையாகிவிட்டது. முச்சந்தியில் வேப்பமரத்தடியில் காதர் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, இடப்பக்கம் கல்லல் ரோட்டைக் காட்டிவிட்டுப் போனான். இனி உனக்காக நான் நிற்க வேண்டும்.

நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். மழையில் எஞ்சின் இருமத் தொடங்கியது. அணைந்தால் கிளம்பாது. நீ வந்து பார்ப்பாய். மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாய். இதுதான் என் மனதில் ஓடியது, வேறொன்றும் இல்லை. உன் புல்லட் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. வந்துவிட்டான், என் முதுகையாவது பார்த்துவிடுவான் என்று நினைத்துக் கல்லல் ரோட்டில் திரும்பிவிட்டேன்.

கேட்டதுபோல் இருந்தது என்று இப்போதும் எழுதுகிறேன் பார். கேட்கவில்லை சாத்தப்பா. மழைச் சத்தம் மட்டும்தான்.

நீ வந்தாய். முச்சந்தியில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நேராகப் போ. வழியில் ஒரு கோவில், ஒரு கண்மாய் என்று நாம் திசை மாறுவது வழக்கம்தானே, உனக்குச் சந்தேகம் வந்திருக்காது. பின்தங்கிவிட்டோமே என்று வேகமாகக்கூடப் போயிருப்பாய். அந்த ரோட்டில் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாகத் தண்ணீர் ரோட்டின்மேல் போய்க்கொண்டிருந்தது.

கல்லலில் மூன்று பேரும் காத்திருந்தோம். "எங்கடா அவன்? முச்சந்தியில நின்னியா?" என்று காதர் கேட்டான்.

"நின்னேன்."

"பாத்தானா?"

"பாத்தான். கையைத் தூக்குனான்."

பத்து நிமிஷத்துக்காகச் சொன்ன பொய் அது. பத்து நிமிஷத்தில் நீ வந்து, "ஏன்டா நிக்கல?" என்று என்னைத் திட்டுவாய், இவர்கள் சிரிப்பார்கள், அதோடு போய்விடும் என்று நினைத்தேன். நீ வரவில்லை.

வண்டி மக்கர் பண்ணியிருக்கும் என்று கல்லல் ரோட்டிலேயே திரும்பித் தேடினோம். ஒவ்வொரு மரத்தடியாக, ஒவ்வொரு கொட்டகையாக. முச்சந்திக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. "நேர் ரோட்டுல போயிப் பாப்பமா?" என்றான் காதர்.

"கையைத் தூக்குனவன் அங்குட்டு ஏன்டா போறான்?" என்றான் ஜோசப்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். "நான் நிக்கலடா." அவ்வளவுதான். மறுநாள் காலையில் கலுங்குக் கல் பக்கத்தில் உன்னை எடுத்தார்கள். உன் விரல்களில் தோல் உரிந்திருந்தது. எவ்வளவு நேரம் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாய்? நாங்கள் முச்சந்தியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நீ உயிரோடு இருந்தாயா? யாரைக் கூப்பிட்டாய்?

என் பொய் அதோடு நிற்கவில்லை. திரும்பச் சொல்லி ஆள் நின்றிருக்கிறான், இவர் கையைத் தூக்கிவிட்டு வேண்டுமென்றே நேராகப் போயிருக்கிறார், எதற்கு என்று ஊர் கேட்டது. கேட்ட ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. "அங்குட்டு ஒரு வீடு வச்சிருந்தாராம்ல." துக்கத்துக்கு வந்த உன் பங்காளிகளே முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். யார் அவள் என்றால் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். எட்டு மூட்டைத் துணி சுமந்து போனவனை ஊர் இப்படி ஆக்கிவிட்டது. அதற்கு விதை போட்டவன் நான்.

உன் மகள் உமையாளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இளையாத்தங்குடிக் கோவில் வகையறா வீட்டிலிருந்து நல்ல வரன் வந்தது. பையன் பாங்கியில் வேலை பார்க்கிறான். பேசி முடிக்கிற நேரத்தில் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் விஷயம் காதில் விழுந்ததாம்.

போன திங்கட்கிழமை உன் வீட்டுக்காரி சிகப்பி எனக்கு ஆள் விட்டாள். போனேன். காப்பி கொடுத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. எல்லா ஞாயித்துக்கெழமையும் அவுககூட நீங்கதான் இருந்தீக. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அவ யாரு?"

"யாரு ஆச்சி?"

"அந்த ஊர்க்காரி. நான் சண்டைக்குப் போறதுக்குக் கேக்கலண்ணே. ஆறு வருசம் ஆகிப்போச்சு, இனிமே என்ன சண்டை? அவளுக்குப் பிள்ளைக இருந்தா அதுகளும் அவுக பிள்ளைகதானே. பசிச்சுக் கெடக்குதுகளோ என்னமோ. பேரை மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

கேட்டாயா சாத்தப்பா? இல்லாத ஒருத்தியின் இல்லாத பிள்ளைகளுக்காக உன் பெண்டாட்டி ஆறு வருஷமாகக் கவலைப்பட்டிருக்கிறாள். எனக்கு அங்கேயே தரையில் தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியது. "அப்படி யாரும் இல்ல ஆச்சி. சத்தியமா இல்ல" என்றேன். அதுவரைதான் வந்தது.

அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க அவுக சிநேகிதரு. விட்டுக்குடுக்க மாட்டீக. அவுக குடுத்துவச்சவுகண்ணே."

காப்பியைக் குடித்து முடித்தேன். அதையும் குடித்தேன், பார்த்துக்கொள்.

வெளியே வரும்போது உன் புல்லட் நிற்கிற கொட்டகையில் உமையாள் நின்றிருந்தாள். தார்ப்பாயை விலக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே உன் மூக்கு.

"மாமா, அன்னைக்கு அப்பச்சி உங்களைப் பாத்துக் கையைத் தூக்குனாகள்ல, எந்தக் கை?"

"வலது கை தாயி."

"சிரிச்சாகளா?"

"சிரிச்சான்."

"போதும் மாமா. ஊரு என்னமும் பேசட்டும். தப்புப் பண்ணப் போறவுக சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்குவாகளா?"

அந்தப் பிள்ளை உன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கை முழுவதும் என் பொய்யின்மேல் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் உன் பெயர் திரும்பி வரும், அந்தச் சிரிப்பும் கையும் போய்விடும். கடைசியாக உன்னை யாருமே பார்க்கவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? தண்ணீருக்குள் நீ தனியாகக் கிடந்தபோது, எங்கே தேடவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்று எப்படிச் சொல்வேன்? வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி மஞ்சள்காமாலையோ என்று கண்ணைப் பார்க்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பிறகு கடைசி வண்டி நான்தான். நண்பனின் இடத்தை எடுத்துக்கொண்டான் என்று குழுவில் எனக்குப் பெருமை. போன வருஷம் மாலைகூடப் போட்டார்கள். நான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு. கடைசியில் வருகிறவன் எந்த முச்சந்தியிலும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். உன்னிடம் கேட்டால் நீ, "போடா கழுதை" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடுவாய். அது எனக்கு வேண்டாம். கேட்க வேண்டிய இடம் உன் வீடு.

ஆகவே ஜோசப் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். நாளைக்கு ஞாயிறு. காலையில் இந்தக் காகிதத்தோடு உன் வீட்டுக்குப் போகிறேன். சிகப்பியையும் உமையாளையும் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் நானே படிப்பேன். பிறகு அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவர்கள் முன்னாலும் படிப்பேன். அதன் பிறகு இது அச்சுக்குப் போகும். அவர்கள் என்மேல் துப்பட்டும், அடிக்கட்டும், போலீசில் சொல்லட்டும்.

பயமாக இருக்கிறது மாப்ள. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் வீட்டு வாசலில் நின்றதும் வண்டியை அணைத்துவிடுவேன். அணைத்தால் அது சுலபத்தில் கிளம்பாது, உனக்குத்தான் தெரியுமே. ஓட நினைத்தாலும் ஓட முடியாது. சிகப்பி போ என்று சொல்லும்வரை அங்கேயே நிற்பேன்.

நாளைக்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடமாட்டாள். உமையாளும் மாமா என்று கூப்பிடமாட்டாள். அதனால் நீ கூப்பிட்ட முறையை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

உனக்காக நிற்காமல் போன
உன் மாப்ள,
வெள்ளைச்சாமி