நான் குடிக்காத நெல்லிரசம்

3 பெப்ரவரி 2025

கணக்கு ரீச்சர் வரவில்லை. கடைசி இரண்டு பாடமும் சும்மா இருந்தோம். வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஒரு ஸ்கூட்டி. பிரியந்தினி என்று ஒரு சட்டத்தரணி. உதயகலா மாமியின் மேன்முறையீட்டை நடத்துகிறவவாம்.

இந்த வீட்டில் மாமியின் பெயரைச் சொல்லி ஏழு வருடம். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. என் தம்பி வாகீசனுக்கு நெல்லிரசத்தில் பூச்சிமருந்து கலந்து கொடுத்துக் கொன்றவ என்று மரணதண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருக்கிறா. அப்போது தம்பிக்கு ஐந்து வயது. எனக்கு ஒன்பது.

அப்பா சட்டத்தரணியை இருக்கச் சொல்லவில்லை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஐயா, பிள்ளையின்ரை வயித்தில கிடந்ததை ஒருத்தரும் சோதிக்கேல்லை. இரத்தத்தைத்தான் பாத்தவை. டொக்டர் ஒரு வரி எழுதியிருக்கிறார், தலைமயிரில எண்ணெய், மருந்து மணம் எண்டு. அதைப் பற்றி வழக்கில ஒரு கேள்வியும் இல்லை. அண்டைக்குப் பிள்ளைக்குத் தலையில என்ன பூசினனீங்கள்?”

“தேங்காயெண்ணெய்தான்.” கேள்வி முடிய முன்னமே அம்மா சொன்னா.



4 பெப்ரவரி

புவியியல் கொப்பியின் பின்பக்கத்தில், ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்துகிறேன்.

தேங்காயெண்ணெய் மட்டும் இல்லை.

அப்போது எனக்குத் தலையில் பேன். வகுப்பு ரீச்சர் துண்டு எழுதி அனுப்பினா. அம்மாவுக்கு வெட்கம். கோயில் கொடியேற்றத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி எடுத்து எண்ணெயில் கலந்தா. எங்கள் இரண்டு பேருக்கும் பூசிப் பழஞ்சீலையால் இறுக்கிக் கட்டினா. எனக்கு எரிந்தது. அம்மா கடைக்குப் போனதும் கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கழுவினேன். தம்பி கழுவவில்லை. அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை. வெகுநேரம் கட்டோடேயே இருந்தான். பிறகுதான் அவிழ்த்துப் போட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குப் போனான். மாமி வழமைபோல நெல்லிரசம் கரைத்துக் கொடுத்தா. பொழுதுபடத் தம்பிக்கு வாயால் நுரை தள்ளியது. நானும் சத்தி எடுத்தேன்.

அடுத்த நாள் அம்மா அந்தச் சீலையை எரித்தா. பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் எப்படி இருந்தேன்?

6 பெப்ரவரி

நீதிமன்றத்தில் நான் சொன்னது: “நானும் மாமி வீட்டில ஒரு மிடறு குடிச்சனான்.”

தீர்ப்பே அதன்மேல்தான் நிற்கிறது என்று வீட்டுக்கு வந்தபோது சட்டத்தரணி சொன்னா. குடித்த இரண்டு பிள்ளைகளுக்கும் உடம்புக்கு ஏலாமல் வந்தது, ஆகவே நஞ்சு நெல்லிரசத்தில்.

தம்பி செத்த அன்றைக்கு நான் மாமி வீட்டுப் பக்கமே போகவில்லை.

சொல்லித் தந்தவர் அப்பா. தெளிவாகப் பேசுகிற பிள்ளை என்று நீதிபதி பாராட்டினார். வரும் வழியில் அப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நான் இன்னொன்று கேட்டேன். அதையும் வாங்கித் தந்தார்.

9 பெப்ரவரி

மாமியின் காணியில் அப்பா வெங்காயம் கிண்டுகிறார். நல்ல விளைச்சலாம்.

12 பெப்ரவரி

கேட்டேவிட்டேன்.

“எண்ணெயில என்ன கலந்தனீங்கள் அம்மா?”

அறைந்தா. பிறகு தானே சுவரோடு சரிந்து இருந்து அழுதா. “பேனுக்கு ஊரில எல்லாரும் பூசிறதுதானேயடி. ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் எனக்கு விளங்கினது. அப்பாட்டைச் சொன்னனான். வாயைத் திறக்காதை எண்டவர்.”

அப்பா வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அம்மா உள்ளுக்குப் போயிருந்தா உன்னை ஆர் பாத்திருப்பினம்? அவளுக்கு ஆர் இருக்கினம்? புருசனோ, பிள்ளையோ?”

ஆர் இருக்கினமோ? நீங்கள் இருந்தனீங்கள் அப்பா! அண்ணை எண்டு கூப்பிட்டவ. ஒருத்தரும் இல்லை எண்டுதான் அவவைத் தெரிஞ்செடுத்தனீங்களோ? ஆடு மாடு தெரிஞ்செடுக்கிற மாதிரி! பிறகு அவவின்ரை வேலியையும் பிடுங்கி உழுதனீங்கள். என்ரை வாயாலைதானே அதைச் செய்தனீங்கள். என்ரை வாயாலை.

எழுத எழுதப் பேனை முனை கொப்பியைக் கிழித்துவிட்டது.

13 பெப்ரவரி

பயமாக இருக்கிறது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனால்? கோபத்தை வைத்துக்கொண்டு சோறு சமைக்க முடியுமா?

19 பெப்ரவரி

ரியூசன் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன்.

“முதல்ல தண்ணி குடியும்,” என்றா பிரியந்தினி அக்கா. எல்லாம் கேட்டு முடித்துப் பேனையை வைத்தா. “இதால என்ன வருமெண்டு விளங்குதோ? அம்மாவையும் விசாரிப்பினம்.”

“ஓம்.”

“அப்பா அடிப்பாரோ?”

“தெரியாது.”

“அப்ப ஏன் வந்தனீர்?”

“நான் குடிக்கேல்லை அக்கா.”

அக்கா சத்தியக்கடதாசி எழுதி வாசித்துக் காட்டினா. ஒப்பம் வைத்தேன். என் பெயர் கோணலாக விழுந்தது.

27 பெப்ரவரி

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையை முற்றத்தில் எறிந்தார். நானே போய் எடுத்துக் கழுவிச் சாப்பிட்டேன்.

11 ஜூலை

பழைய தீர்ப்பு ரத்து. மாமியை விடவில்லை, வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிணை கிடைத்து வட்டுக்கோட்டையில் ஒரு சினேகிதியோடு இருக்கிறாவாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாவா என்று பிரியந்தினி அக்காவிடம் கேட்டேன்.

“இல்லை,” என்றா.

ஏன் கேட்கவேண்டும்? ஏழு வருடம்.

18 நவம்பர்

நாளை வழக்கு. அழைப்பாணை எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பா நாலு நாளாகக் கொடிகாமத்தில், கூட்டாளி வீட்டில்.

பின்னேரம் அம்மா என் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணினா. பிறகு தன் சீலையை.

“நாளைக்கு என்ன சொல்லப்போறியள்?”

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தா. “ஆறரை பஸ்ஸுக்கு வெளிக்கிட வேணும்,” என்றா. “காஸ் முடியப்போகுது. அடுத்த வீட்டு ஆக்களிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், எடுத்துத் தருவினம்.”

எங்கள் ஊர் அளவெட்டியிலிருந்து நீதிமன்றத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அம்மா பையில் மூன்று சீலை மடித்து வைத்திருந்தா. போர்வை, பிரஷ், பிறசர் குளிசை.

எனக்குக் கோபம் தீரவில்லை. பையின் சிப் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தேன். அம்மா இழுத்துப் பூட்டினா.