பட்டனின் பின்னங்கால்கள்

மில்வாக்கி
ஆகஸ்ட் 20, 1978

ஹார்லனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்கா வீட்டில் மாடியறையைக் கொடுத்திருக்கிறாள்.

என் குட்டி ஆமை பட்டனை உன்னிடம் விட்டுவிட்டு வந்தது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மாட்டுத் தொட்டியைத் தெற்கு ஜன்னல் பக்கம் போடு, வெயில் படவேண்டும். ஏறி உட்கார ஒரு தட்டைக்கல் வை. தண்ணீர் நாறும்வரை காத்திருக்காதே. சூப்புக்குப் போகிற ஆமைகளை ஊரில் எல்லோரும் வாலைப் பிடித்துத்தான் தூக்குகிறீர்கள். சாகப்போகிறதற்கு முதுகெலும்பு எப்படிப் போனால் என்ன? பட்டனை அப்படித் தூக்காதே, முதுகெலும்பு விட்டுப்போனால் பின்னங்கால்கள் அசையாது. அடியில் கை கொடுத்துத் தூக்கு. கடித்தால் கடிக்கட்டும்.

நீ குடிக்கிறாய் என்பதற்காக நான் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை, ஹார்லன். குடித்துவிட்டு வந்து மரம் அறுக்கப் போயிருந்தேன் என்று கட்டிய மனைவி என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாயே, அதற்காக. வசந்தம் வரட்டும், வருகிறேன். அதுவரை இந்த ஒன்றையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

லவான்


பெப்பின்
ஆகஸ்ட் 29

என் லவானுக்கு,

உன் ஆமை மகாராணி மாதிரி இருக்கிறது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி ஜன்னலடியில் போட்டாயிற்று. நான் வைத்த கல் பிடிக்கவில்லை போலிருக்கிறது, மூன்று கல் மாற்றினேன். இப்போது ஓட்டில் வெயில் பட அதன்மேல் கிடக்கிறது. உள்ளங்கை அளவுகூட இல்லை, அதற்குள் இந்தக் கோபம்! நேற்று என் பூட்ஸ் கயிற்றைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. யாரிடம் கற்றுக்கொண்டதோ.

தேவாலயத்து ஆமைச் சூப் விருந்துக்கு எங்கள் கூட்டம் சதுப்பில் பொறி வைத்திருக்கிறது. பெர்னிஸின் மதுக்கடைப் பக்கம் நான் போகவில்லை. பொறி தூக்க மட்டும்தான் போகிறேன்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் ஹார்லன்


மில்வாக்கி
செப்டம்பர் 19

அன்புள்ள ஹார்லன்,

உன் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மூன்று கல் மாற்றினாய் என்றதும் சிரித்துவிட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விருந்து எப்படி நடந்தது? அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே. பட்டன் எப்படி இருக்கிறது? நன்றாக நீந்துகிறதா? பின்னங்கால்களை உதைக்கிறதா? பார்த்து எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

லவான்


பெப்பின்
செப்டம்பர் 25

லவானுக்கு,

விருந்து நன்றாக நடந்தது. சூப்பில் இந்த முறை மிளகு தூக்கல். மழை இல்லை.

பட்டன் நன்றாக இருக்கிறது. நீந்துகிறது. நன்றாக உதைக்கிறது. நீ கவலைப்படாதே.

விறகு அடுக்க வேண்டும், அவசரமாக எழுதுகிறேன்.

ஹார்லன்


மில்வாக்கி
அக்டோபர் 2

ஹார்லன்,

விருந்துக்கு மறுநாளே பெர்னிஸ் போன் செய்துவிட்டாள். முந்தின நாள் இரவு அவள் கடையில், சூப்புக்குப் பிடித்த ஆமைகளை எல்லோரும் வாலைப் பிடித்துத் தூக்கி, யாருடையது பெரியது என்று காட்டிக்கொண்டிருந்தீர்களாம். நீ வீட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் வாளியில் பட்டனைக் கொண்டுவந்தாயாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உன் ஆளு அதை வாலைப் பிடிச்சுத் தூக்கி, இதுதான் இந்த வருஷத்து சாம்பியன்னு ஆட்டிக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. கீழ விட்டப்போ அது முன்னங்காலால மட்டும் இழுத்து இழுத்துப் போச்சு, லவான். அப்புறம் யாரும் சிரிக்கல."

தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டேன். நான் கேட்டது ஆமைக்காக இல்லை. போதையில் செய்துவிட்டேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். பெட்டியைக்கூட எடுத்து வைத்திருந்தேன். நீயோ, நன்றாக உதைக்கிறது என்று எழுதினாய்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஆர்னி வந்து பட்டனை எடுத்துக்கொள்வான். வசந்தத்தில் நான் வரமாட்டேன். ஒன்றே ஒன்று செய். தொட்டித் தண்ணீரைக் குறைத்து வை. பின்னங்காலை உதைக்காமல் அதனால் மேலே வந்து மூச்சுவிட முடியாது.

லவான்


பெப்பின்
அக்டோபர் 5

லவான்,

தபால்பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். உள்ளே வரக் கால் வரவில்லை.

தண்ணீரை அன்றைக்கே குறைத்துவிட்டேன். கடையிலிருந்து வந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் மொண்டு வெளியே ஊற்றினேன். இப்போது இரண்டு விரல் ஆழம்தான். கல்லில் பட்டனால் ஏற முடியவில்லை, அதையும் எடுத்துவிட்டேன். ஒரு பலகையைச் சரிவாக வைத்தேன், அதிலும் முடியவில்லை. காலையில் நானே தூக்கி வெயிலில் வைக்கிறேன், அடியில் கை கொடுத்து. இப்போதெல்லாம் அது கடிப்பதில்லை. கடித்தால் தேவலை.

உதைக்கிறது என்று உனக்கு எழுதி முடித்துவிட்டு, அதே கையால் அதற்குப் புழு ஊட்டினேன். வாங்கித் தின்றது. அவமானம் பிடுங்கித் தின்கிறது, லவான். மன்னித்துவிடு என்று கேட்க வாயில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆர்னி வரும்போது வீட்டில்தான் இருப்பேன், குடிக்காமல் இருப்பேன். நான் சொன்னால் நம்பமாட்டாய். அவனைக் கேட்டுக்கொள்.

ஹார்லன்