பேய்ப் புத்தகங்களுக்கு நான் செய்த சலவை

என் பேய்க்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால்கூட இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதலில். அண்ணன் கடைக்கு வாங்கிய துணி உலர்த்தும் மெஷின் மூன்று நாள் ஓடிவிட்டு இப்போது முனகிக்கொண்டு நிற்கிறது, அதட்டுவதா தடவிக்கொடுப்பதா என்று தெரியாமல் அவன் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண் தவழ்ந்து வந்து சலவைச் சட்டைகள் இருக்கும் கூடைக்குள் ஏறிப் படுத்துக்கொள்கிறாள், ஒரு நாள் அவளுக்கும் ரசீது குத்தி யார் வீட்டுக்காவது அனுப்பிவிடப் போகிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன மூன்று தடவை நீ கூப்பிட்டபோது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேனே, நன்றாகத்தான் கேட்டது. உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் எழும்பவில்லை.

உன் பழைய திகில் காமிக்ஸ் ஐம்பத்தொன்பதையும் உன்னிடம் அனுப்புவதற்கு முன்னால் மதிப்புப் போடுகிறவர் ஒருவர் வந்து பார்ப்பார், வழியில் தொலைந்தால் இன்ஷூரன்ஸுக்கு அவர் எழுதித் தரும் காகிதம் வேண்டும் என்று சொன்னாய் அல்லவா. அவர் எதையெல்லாம் பார்ப்பார் என்று கேட்டேன். நீ அவர் கடிதத்திலிருந்து வாசித்தாய்: அட்டையில் கறை, மூலையில் மடிப்பு, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், பக்கங்களில் பேனா பென்சில் எழுத்து. நான் கையோடு ஒரு ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷமாக நம் கடையில் அதுதானே வழக்கம், துணி கொடுக்க வருகிறவர் கறையின் பெயரைச் சொல்வார், நாம் ரசீதில் குறிப்போம், திருப்பிக் கொடுக்கும்போது அது இருக்கக் கூடாது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நீயே தடுத்திருப்பாய். உனக்குத் தெரியாமல் செய்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். நம் வீட்டிலிருந்து ஒரு பொருள் அழுக்கோடு அடுத்தவர் கைக்குப் போவதா என்கிற திமிரும் இருந்தது.

அட்டைக் கறைக்கு வெளுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் துடைத்தேன். மடிப்புக்கு மேலே துணி போட்டு இஸ்திரி. துருப்பிடித்த பின்களைப் பிடுங்கிவிட்டுக் கடையில் ரசீதுக்கு அடிக்கிற புதுப் பின். நான்கு நாள் வேலை. அட்டைப் படத்து ரத்தமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது, ரத்தக்காட்டேரிகள் எல்லாம் மிட்டாய் தின்றுவிட்டு வந்த மாதிரி நிற்கின்றன. எனக்கென்னவோ அது பளிச்சென்றுதான் தெரிந்தது. மதிப்புப் போடுகிறவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், இரண்டாவதைத் திறந்தார், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டார். இனி அது எதற்கு என்று நினைத்திருப்பார். "கறையோட இருந்திருந்தா இதுக்கெல்லாம் நல்ல மதிப்பும்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அண்ணன் பக்கத்தில் நின்று என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். நான் கூனிக் குறுகிப் போனேன்.

மதிப்பு போனதைக்கூட நீ பொறுத்துக்கொள்வாய், அந்த மனசு உனக்கு உண்டு. பட்டியலில் கடைசியாக எழுத்து என்று இருந்ததே, அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் உன்னிடம் தருவதற்கு முன்னால் அப்பா தானே ஒரு தடவை படித்துவிட்டு அட்டைக்கு உள்பக்கம் பென்சிலால் உனக்கு எழுதி வைப்பாரே, பன்னிரண்டாம் பக்கத்தில் சுவருக்குள்ளிருந்து கை வரும், பேய்க்குட்டி பயப்படாதே என்று, அத்தனையையும் ரப்பர் போட்டு அழித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். முதல் புத்தகத்திலேயே அவர் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது, கை நின்றது. பிறகு, இந்த மனுஷன் எனக்கு ஒரு வரி எழுதியதுண்டா என்று ஒரு எண்ணம் வந்தது பார், அதற்குப் பிறகு அழுத்தித்தான் தேய்த்தேன். செத்துப் போனவரோடும் பெற்ற பெண்ணோடும் எனக்கு என்ன போட்டி. வந்தவரிடம் கேட்டேன், பென்சில் பதிந்த பள்ளமாவது வெளிச்சத்தில் தெரியுமா என்று. மேலே இஸ்திரி ஓடியதால் அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. முப்பத்தொன்றாம் இதழ் எங்கே என்று அவர் கேட்டார், நீ அதை எத்தனையோ வருஷமாக ஊர் ஊராகத் தேடுவதாகவும் சொன்னார். இல்லை என்றேன். உனக்குப் பத்து வயசில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாய், நான் பிடுங்கிக்கொண்டு போய்க் கடை பாய்லரில் போட்டு எரித்ததாக அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், நீ ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. எரிக்கவில்லை கண்ணு. எரிக்கத்தான் எடுத்துப் போனேன், திறந்தபோது உள்ளே எழுதியிருந்தது கண்ணில் பட்டது: "பதினேழாம் பக்கம் ரொம்ப மோசம். பயம் வந்தால் அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொள். அவள் பக்கத்தில் எந்தப் பேயும் வராது." என்னைப் பேயை விட மோசம் என்கிறாரா என்று அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்படி இல்லடி, எனக்கே பயம் வந்தா நான் உன் பக்கம்தான் திரும்பிப் படுப்பேன் என்றார். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். பட்டுச் சேலைக்குச் சுற்றும் காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாமல் என் அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். உனக்கு அவர் எழுதியதையெல்லாம் அழித்தவள், என்னைப் பற்றி எழுதிய ஒன்றை மட்டும் இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இதுதான் உன் அம்மா.

அந்தப் புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மதிப்புப் போடுகிறவருக்குக் காட்டவில்லை, அதனால் அதற்கு விலை இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. உனக்குச் சேர வேண்டியது, பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உறையை ஒட்டுகிறேன். மற்ற ஐம்பத்தொன்பதும் இங்கே பெட்டியில் இருக்கின்றன, வேண்டுமா வேண்டாமா என்று சொல். கோபம் தீர்கிற வரைக்கும் பேச வேண்டாம், ஒரு மாசமானாலும் பரவாயில்லை, பழக்கம்தான். நீண்ட ஆயுசோடும் நிம்மதியோடும் இரு, உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. புத்தகத்தைத் திறக்கும்போது கை கழுவவில்லை என்றாலும் பாதகமில்லை, கறை பட்டால் படட்டும், இனி நான் எதையும் துடைக்க மாட்டேன். பதினேழாம் பக்கம் வரும்போது மட்டும் என்னைக் கூப்பிடு.

தலை நிமிர்த்த முடியாமல்,
உன் அம்மா