கர்க்லாண்ட் தலைவர் மீதான விசாரணை

21 ஜனவரி 2006, சனி

கடுங்குளிர். டெப்பனருக்கு, அதுதான் எங்கள் மூலைக்கடைக்கு, பால் வாங்கப் போன வழியில் மூக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை தடவிப் பார்த்தேன். இருந்தது.

நாளை மறுநாள் கனடாவுக்குப் பொதுத்தேர்தல். பின்னேரம் செயற்குழுவில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரைப் பதவி நீக்கும் பிரேரணை வந்திருக்கும்போது ஒட்டாவாவை யார் ஆண்டால் என்ன.

தலைவர்: சிவபாலன், என் தங்கை ராணியின் கணவன்.
குற்றம் சாட்டுபவர்: உபதலைவர் நடேசு மாஸ்டர். இனி ந.மா. முழுப்பெயரையும் பட்டங்களோடு எழுதினால் மை தீர்ந்துவிடும்.

உண்மையான குற்றம்: போன சனி பொங்கல் விழாவில் சிவபாலன் பேச்சுகளுக்கு முன்னரே சாப்பாட்டைத் திறந்துவிட்டான். பிள்ளைகளுக்குப் பசியாம். ஈழத்தமிழன் ஒலிவாங்கியைக் கண்ட நாளிலிருந்து இப்படி ஒரு கொடுமை நடந்ததில்லை. சனம் சாப்பிட்டது, கோட்டைப் போட்டது, போனது. ந.மா. முந்நூறு கதிரைகளுக்கு முன்னால் சிறப்புரை ஆற்றினார். கதிரைகள் மரியாதையாகக் கேட்டன. ஒன்றுகூட இருமவில்லை.

சங்கத்தின் விதிப்புத்தகமான யாப்பில் அதற்குத் தண்டனை இல்லை. ஆகவே வேறொன்று தோண்டி எடுத்திருக்கிறார். பதவியில் இருப்பவர் மொன்றியல் நகரசபை எல்லைக்குள் வசிக்க வேண்டும். சிவபாலன் வீடு கர்க்லாண்டில். போன வருடம் தெரிவானபோது அது மொன்றியல். இந்த முதலாம் திகதியிலிருந்து பிரிந்து தனி நகரம்.

"நான் ஒரு அடி அசையேல்லை, மாஸ்டர். எல்லைதான் அசைஞ்சது."

"எது அசைஞ்சதெண்டு யாப்பு கேக்கேல்லைத் தம்பி. நீர் எங்க இருக்கிறீர் எண்டுதான் கேக்குது."

விசாரணை அடுத்த சனி.

24 செவ்வாய்

பனி. வழித்துத் தள்ளியதில் என் வாசலில் ஒரு இமயமலை. செய்ய இருந்தவை: பல் டாக்டர், கார் பற்றரி, தலைமயிர். செய்தவை: இமயமலை மட்டும்.

ராணி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் எங்கட பக்கம்தானே?"

"யாப்பை ஒருக்கா வாசிச்சுப்போட்டு..."

"ஞாயிற்றுக்கிழமையில உங்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சித் தாறது யாப்பே?"

உச்ச நீதிமன்றமே ஆடிப்போகும் வாதம்.

பேந்து வேறு குரலில் சொன்னாள். வேலை செய்த தொழிற்சாலை மூடிய பிறகு சிவபாலன் வீட்டோடுதான். சங்க வேலை இருக்கும் நாளில் மட்டும் சவரம் செய்கிறான், சேர்ட் மினுக்குகிறான், யாரோடாவது கதைக்கிறான்.

"அதையும் பறிச்சுப்போடாதேங்கோ, அண்ணை."

இதற்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

28 சனி

விசாரணை. செயலாளர் சாந்தி வீட்டு பேஸ்மென்ட். மூலையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடியது. இவ்வளவு சுத்தமான நீதிமன்றம் உலகில் வேறில்லை.

சிவபாலன், டை கட்டி, நேரே போய்த் தலைமைக் கதிரையில் இருந்தான். எல்லாக் கூட்டத்துக்கும் தலைவரே தலைமை என்று யாப்பு சொல்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதி!

"அப்பிடியெண்டா நான் இருக்கிறன்," என்று எழும்பினார் ந.மா. தலைவர் போனால் அந்தக் கதிரை அவருக்குத்தான்.

கூச்சல். கூரை ஒரு முழம் உயர்ந்தது. என்னைத் தவிர மற்ற ஆறு பேரில் மூவர் இந்தக் கட்சி, மூவர் அந்தக் கட்சி. யாப்பை ஒருவரும் திறக்கவில்லை.

நான் சொன்னேன்: "ரெண்டு பேரும் இருக்கேலாது. ரெண்டு பேருக்கும் வோட்டும் இல்லை."

சிவபாலன் என்னைப் பார்த்தான். மச்சான் ஏதோ யோசித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பான். எழும்பினான். எல்லாரிலும் வயது கூடியவன் என்று என்னை இருத்தினார்கள். தலைமை தாங்குபவருக்கு, சமமாக வந்தால் மட்டும் வோட்டு.

சிவபாலன் பக்கம்: தெரிவான அன்று தகுதி இருந்தது, அது போதும்.

சாந்தி எழும்பினாள். "அப்ப முந்திச் செயற்குழுவில இருந்த யோகராசாண்ணை? தெரிவானாப் பிறகு லொங்குய்ய்க்குப் போனவர். ஆத்துக்கு அங்கால போனாப் பதவி இல்லையெண்டு பிரேரணை கொண்டு வந்தது ஆர்? நீங்கள்தானே, சிவபாலண்ணை?"

"அவர் தானா வீடு மாறினவர். நான் மாறேல்லையே, பிள்ளை!"

"'மாறினா' எண்டு யாப்பில எங்க கிடக்கு? வாசிச்சுக் காட்டுங்கோ."

வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வோட்டு. மூன்றுக்கு மூன்று. எந்தக் கை வரும்போது எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே உயர்ந்தது.

"அண்ணை, இனி நீங்கள்தான்," என்றாள் சாந்தி.

தீர்ப்பைச் சொன்னேன்:

"யோகராசாவை வெளியில விட்ட விதி, என்ர மச்சானை மட்டும் உள்ளுக்க வைச்சிருக்கேலாது. பதவி போகுது."

ந.மா. ஏற்புரைக்கு எழும்பினார். இருக்கச் சொன்னேன். ஒரே தீர்ப்பில் இரண்டு கட்சிக்கும் எதிரியான முதல் நீதிபதி, அகில உலகத்திலும், நானாகத்தான் இருக்கும்.

சிவபாலன் தன் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் படியேறினான்.

29 ஞாயிறு

குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ராணி போன் எடுக்கவில்லை. நான் எடுத்தபோது என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள்.

பின்னேரம் சிவபாலன் வந்தான், தனியே. பால் விடாத பிளேன்ரீ போட்டேன். ஹொக்கி கதைத்தோம்.

"யோகராசாண்ணைக்குப் போன் எடுத்தனான்."

"என்னவாம்?"

"சிரிச்சவர். கனநேரம்."

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே. நீங்கள் மாட்டுப்பட்டு, நான் அந்தக் கதிரையில இருந்திருந்தா, உங்களைக் காப்பாத்தியிருப்பன். யாப்பு கீப்பு ஒண்டும் பாத்திருக்க மாட்டன்."

"ஓம். தெரியும்."

அதனால்தான் உன்னை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பினேன் என்று சொல்லவில்லை. வாசலில் குனிந்து அவன் சப்பாத்து போட வெகுநேரம் எடுத்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.